வெடிக் கிளப்பில் ஊசித் திருடன்

"வெள்ளிக் கோப்பையத் தொடலைங்க. தூரப்பார்வைக் கண்ணாடியத் தொடலை. துப்பாக்கியக்கூட எடுக்கலை. துப்பாக்கிக்குள்ள இருக்கிற ஊசிய மட்டும் கழட்டிக்கிட்டுப் போயிருக்கான்" என்றார் ஆசீர்வாதம்.

"தையல்காரனா இருப்பானோ?" என்றாள் பூரணி.

துப்பறியும் சிதம்பரநாதன் இருமினார். ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் அவருடைய அலுவலகம். அங்கே டைப் அடிக்க வந்த பூரணி டைப் அடித்த நேரத்தைவிட வாயடித்த நேரமே அதிகம். ஆனாலும் அவர் அவளை அடக்கியதில்லை. மனைவி போனபிறகு அவர் வீட்டில் பேசுவது சுவர்க்கடிகாரம் மட்டும்தான்.

1963ஆம் ஆண்டு, ஆனி மாதத்து மழையும் மூடுபனியும். கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எல்டன்மூர் தோட்டத்தின் உச்சிவரை இருவரும் ஏறி வந்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஆரம்பித்த துப்பாக்கி சுடும் கழகம் அங்கே இருந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு அது வெடிக் கிளப். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார்கள் வரிசையாக நிற்கும். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போன பின், தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஆசீர்வாதம் மட்டும் மிஞ்சினார். கழகத்தின் செயலாளரும் அவரே, உறுப்பினரும் அவரே. கழகக் கட்டடத்தை ஒட்டிய சிறிய பங்களாவில் குடியிருந்தார்.

"காட்டுங்க" என்றார் சிதம்பரநாதன்.

ஆசீர்வாதம் இடுப்பில் தொங்கிய சாவியை எடுத்துத் துப்பாக்கி அறையைத் திறந்தார். உள்ளே கரிச்சட்டி ஒன்று கனன்றுகொண்டிருந்தது. சுவரோரம் ஆறு துப்பாக்கிகள் நின்றன. நாலு போட்டிக்கு, இரண்டு பயிற்சிக்கு. இன்னொரு மூலையில் பிள்ளைகளுக்குப் பழக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று.

"இந்தப் பனி இரும்பத் தின்னுரும். அதான் கரி போட்டு அறையக் காய வைக்கிறது. வாராவாரம் எண்ணெய் போட்டுத் தொடைக்கணும். துப்பாக்கி எண்ணெய் இப்ப வர்றதில்லை, தையல் மெஷின் எண்ணெய்தான். ஒரு சாமான் உடைஞ்சா பழசு ஒன்னப் பிரிச்சுத்தான் மாட்டணும். அப்படிப் பிரிச்சுப் பிரிச்சு, மிஞ்சினது இந்த ஆறு."

"புது ஊசி வாங்க முடியாதா?" என்றார் சிதம்பரநாதன்.

"சீமைக்கு எழுதினேன். உலகச் சண்டை முடிஞ்சதும் துப்பாக்கி கேக்கிற ஆள் கொறைஞ்சு போச்சாம். இந்த ரகத்தச் செய்யறதையே நிறுத்திட்டாங்க. அந்தப் பட்டறையில இப்ப சைக்கிள் செய்றாங்களாம். அவங்க குடுத்தாலும் நம்ம அரசாங்கம் இறக்குமதிக்கு விடாது."

அவர் ஒரு துப்பாக்கியின் பின்கட்டையைக் கழற்றிச் சிதம்பரநாதனின் கையில் வைத்தார். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி, விரல் நீளத்தில், அதற்குள் இருக்க வேண்டும். வெறும் துளைதான் இருந்தது.

"ஊசி இல்லாட்டி?"

"கைத்தடி" என்றார் ஆசீர்வாதம்.

சிதம்பரநாதன் ஆறு பின்கட்டைகளையும் பார்த்தார். ஆறும் காலி. துளைகளின் உள்ளே புது எண்ணெய் மினுங்கியது. திருடியவன் எடுத்த இடத்தைத் துடைத்து, துருப்பிடிக்காதபடி எண்ணெயும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிறகு அவர் காற்றுத் துப்பாக்கியை எடுத்து மடக்கிச் சுவரைப் பார்த்து விசையை இழுத்தார். 'பொட்' என்று காற்று வந்தது.

"இதுல மட்டும் கை வைக்கலை" என்று முணுமுணுத்தார்.

"பொலிஸுக்கு ஏன் சொல்லலை, ஐயா?" என்று கேட்டாள் பூரணி.

"சொன்னா அன்னைக்கே லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. மாசக் கடைசியில போட்டி இருக்கு. அது முடிஞ்சாக் கிளம்பிருவேன்."

வரவேற்பறையில் படங்கள் இறக்கப்பட்ட சுவர்களில் சதுரச் சதுரமாக வெளுப்பு இருந்தது. சாமான்கள் கட்டிய மூட்டைகளாகக் கிடந்தன. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டியவை என்றார். வாசலில் நாய்ச்சங்கிலி கிடந்தது, நாய் இல்லை. கேட்டதற்கு, "கந்தப்பனுக்குக் குடுத்துட்டேன். கிளப்பு மார்க்கர்" என்றார்.

மார்க்கர் என்றால், இலக்குப் பலகைக்குக் கீழே குழியில் உட்கார்ந்திருந்து, குண்டு எங்கே பட்டது என்று கொடி காட்டுகிற ஆள். இருபது வருடங்களுக்கு மேலாக ஆசீர்வாதம் இந்த முனையிலிருந்து சுடுவார்; கந்தப்பன் அந்த முனையிலிருந்து கொடி காட்டுவார்.

"கரிச்சட்டி கொண்டாறதும் அவர்தானா?"

"ஆமா. நான் குழலத் தொடைப்பேன், அவன் பின்கட்டையத் தொடைப்பான். ஆனா அவன் இல்லைங்க. அவன் எதுக்கு எடுக்கணும்?"

சிதம்பரநாதன் வெளியே வந்து சுடுகளத்தைப் பார்த்தார். இலக்குப் பலகை இருக்கவேண்டிய திசையில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து பனியில் அசைந்தது.

"இந்தப் புல்லுக்குள்ள யானை நின்னாலும் தெரியாது சார். இலக்கு எங்கிருந்து தெரியும்?" என்றாள் பூரணி.

"அதையே நானும் யோசிக்கிறேன்."

புறப்படும்போது ஆசீர்வாதம் வாசல்வரை வந்தார். "ஆறும் கெடைக்காட்டிப் பரவாயில்லைங்க. ஒன்னே ஒன்னு கெடைச்சாக்கூடப் போதும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் கண்கள் இவர்களைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

*

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் பாதையில் பூரணி கேட்டாள். "திருட்டுச் சாமான விக்கணும்னா வாங்க ஆள் வேணும். ஊசிய வாங்க எவன் வருவான் சார்? காது குத்தறவன்கூட வாங்கமாட்டான்."

"விக்கிறதுக்கு எடுக்கலை. கோபத்துல எடுத்திருந்தா எண்ணெய் போட்டிருக்கமாட்டான். திருப்பி மாட்டணும்னு நெனைச்சுத்தான் எடுத்திருக்கான்."

"போட்டிய நிறுத்தவா?"

"போட்டிய நிறுத்த நாலு துப்பாக்கி போதுமே. பயிற்சித் துப்பாக்கிய எதுக்குக் கெடுக்கணும்? ஆளக் கொல்லக்கூடிய ஆறும் செத்துக் கெடக்கு. கொல்ல முடியாதது மட்டும் உசிரோட இருக்கு."

பூரணி நடையை வேகமாக்கினாள்.

லயத்தின் கடைசி அறை கந்தப்பனுடையது. பக்கத்து அறைகளில் பூட்டுத் தொங்கியது. அந்தக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டிருந்தன. வாசலில் படுத்திருந்த பழுப்பு நாய் எழுந்து வாலை ஆட்டியது. அறுபது வயதிருக்கும் கந்தப்பன், தலையில் ஒரு முடிகூட இல்லாதவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க. கிளப்புக்கு ஆள் வந்திருக்குன்னாங்க. ஒக்காருங்க, சாயத்தண்ணி ஊத்துறேன்."

உள்ளே ஒரு பாய், அடுப்பு, இரண்டு சட்டி, சுவரில் முருகன் படம். ஒளித்து வைக்க இடமில்லாத அறை. சிதம்பரநாதன் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பூரணியின் கண்கள் மட்டும் கூரைக்கடியில் பலகையில் இருந்த சீசாவில் நின்றன. தேங்காயெண்ணெய். அந்தக் குளிரில் வெள்ளை வெளேரென்று உறைந்து போயிருந்தது.

"தாத்தா, எங்க வீட்டுல எண்ணெய அடுப்புக்குப் பக்கத்துல வைப்போம். இல்லாட்டி உறைஞ்சு போகும். நீங்க எட்டாத ஒசரத்துல குளிர வச்சிருக்கீங்களே?"

கந்தப்பன் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"அதுவும் சீசா நெறைய" என்று தொடர்ந்தாள் அவள். "கோவிச்சுக்காதீங்க தாத்தா. ஒங்க தலைக்கு இவ்வளவு எண்ணெய் எதுக்கு?"

சிதம்பரநாதன் எழுந்து சீசாவை இறக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். உறைந்த வெள்ளைக்குள் கருப்புக் கோடுகள் குத்திட்டு நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு.

வெளியே நாய் உடம்பை உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான்தான் எடுத்தேன்" என்றார் கந்தப்பன். "பொலிஸ்ல புடிச்சுக் குடுங்க. வர்றேன். ஆனா ஊசியத் தரமாட்டேன். சீசாவ இங்க வச்சிட்டுப் போங்க."

"ஏன் எடுத்தீங்க?"

"எடுத்தேன். அவ்வளவுதான்."

"மாசக் கடைசியில போட்டியாம். அது நின்னு போகுமே?"

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் போட்டி?"

"கிளப்புப் போட்டி."

"ரெண்டு வருசமாப் போட்டி ஏதுங்க? சுட வர ஆளிருக்கா? போட்டின்னா மொத வேலையா என்னையில்ல கூப்பிடுவாரு. புல்லு வெட்டணும், பலகைக்குக் காகிதம் ஒட்டணும். யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

சிதம்பரநாதன் சீசாவை மெதுவாகப் பாயின்மேல் வைத்தார். அவருக்கு வேலை கொடுத்தவரே அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார். நடக்காத ஒரு போட்டிக்கு ஓர் ஊசி கேட்கிறார். நாலு பேர் சுடும் போட்டிக்கு, ஒன்றே ஒன்று.

"நாய எப்பக் குடுத்தாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பங்களா அம்மா, அவரு சம்சாரம், தவறி வருசம் திரும்பின மறுநா."

"அன்னைக்குத்தான் ஊசிய எடுத்தீங்க."

கந்தப்பன் அடுப்புக் கட்டையை உள்ளே தள்ளினார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மிச்சமிருந்த தோட்டாவயெல்லாம் அன்னைக்குப் பொலிஸ்ல ஒப்படைக்கணும்னு பெட்டியில அடுக்கினோம். நான்தான் எடுத்துக் குடுக்கிறேன். ஒன்ன மட்டும் பெட்டியில போடாம சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. நான் பாக்கலைன்னு நெனைச்சாரு. அப்பறம், 'நாய நீ கொண்டு போ கந்தப்பா, அது என்னைய நம்பி இருக்கக்கூடாது'ன்னாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. பின்கட்டையத் தொடைக்கிற சாக்குல ஆறையும் உருவிட்டேன்."

பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் சிதம்பரநாதன்.

"யார்கிட்டங்க? பொலிஸ்ல சொன்னா கேசு போட்டு அசிங்கப்படுத்துவாங்க. புது மேனேஜருக்கு அவரு யாருன்னே தெரியாது. அவருகிட்டயே கேக்கலாம்னு மூணு தடவ படிவரைக்கும் போனேன். வாய் வரலைங்க. நான் கொடி காட்டுறவன். அவருகிட்ட உக்காந்து பேசினதில்லை."

*

அவர்கள் மேலே திரும்பியபோது ஆசீர்வாதம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கந்தப்பனும் பின்னால் வந்து, படிக்குக் கீழே, மழையில் நின்றுகொண்டார்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

ஆசீர்வாதம் கையை நீட்டினார். "குடுங்க."

"எந்தப் போட்டிக்கு?" என்றார் சிதம்பரநாதன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. படிக்குக் கீழே நின்றவரைப் பார்த்ததும் ஆசீர்வாதத்தின் முகம் சிவந்தது.

"நீயா? என் சாமான எடுக்க ஒனக்கு என்ன உரிமை? இவனப் பொலிஸ்ல குடுங்க, மிஸ்டர் சிதம்பரநாதன்! ஒங்கள எதுக்குக் கூப்பிட்டேன்? ஊசியக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னுதான் கூப்பிட்டேன். வேலைய முடிங்க."

"முடிக்கமாட்டேன். இந்தக் கேஸ்ல நான் ஜெயிச்சா நாளைக்கு ஒங்க சாவுக்கு வரணும். தோத்துட்டுப் போறேன்."

"என் வீட்டுல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஆசீர்வாதம். "காலையில எந்திரிச்சா யாருகிட்ட 'எந்திரிச்சிட்டேன்'னு சொல்றது? அவ போன அன்னைக்கே எல்லாம் போச்சு. துப்பாக்கிய எண்ணெய் போட்டுத் தொடைக்கிறேன், தொடைக்கிறேன். சுட ஆளில்லாத துப்பாக்கிய எதுக்குத் தொடைக்கிறேன்? கடைசியில அதுல ஒன்னாவது ஒரு வேலைக்கு ஒதவட்டும்னு பாத்தேன்."

சிதம்பரநாதன் ஒரு படி மேலே ஏறினார். அவரும் காலையில் யாரிடமும் எதுவும் சொல்லாமல்தான் கடைவீதிக்கு வருகிறவர்.

பூரணிதான் முன்னே வந்தாள். "ஐயா, ஒன்னு சொல்றேன். திட்டுங்க, பரவாயில்லை. நெசமாவே போறதுன்னு முடிவு பண்ணின ஆளு, ஹட்டன்ல இருந்து ரெண்டு பேர வரவழைக்கமாட்டாரு. அதுவும் இவ்வளவு வாயாடி ஒருத்திய. யாராச்சும் வந்து பாக்கட்டும்னு ஒங்களுக்குள்ள ஒரு மூலையில இருந்திருக்கு."

ஆசீர்வாதம் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். பிறகு படிக்குக் கீழே பார்த்துக் கேட்டார்.

"நீ ஏன்டா எங்கிட்டக் கேக்கலை?"

"நீங்களும் எங்கிட்ட எதையும் கேட்டதில்லீங்களே, ஐயா." கந்தப்பனின் மொட்டைத் தலையில் மழை வழிந்தது. "குழிக்குள்ள உக்காந்தா எனக்கு ஒங்க முகம் தெரியாது. வெடிச் சத்தம் கேட்டா, ஐயா இருக்காருன்னு நெனைச்சுக்குவேன். கொடி ஏறினா நீங்களும் அப்படித்தான நெனைச்சிருப்பீங்க? லயத்துல எல்லாரும் போயிட்டாங்க. நீங்களும் போயிட்டா நான் யாருக்குக் கொடி காட்டுறது?"

ஆசீர்வாதம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அழுகை நின்றபின் சட்டைப் பையில் கைவிட்டு அந்த ஒற்றைத் தோட்டாவை எடுத்து, சிதம்பரநாதனின் உள்ளங்கையில் வைத்தார்.

"உள்ள வா, நனையாத" என்றார் கந்தப்பனிடம்.

கந்தப்பன் அந்தப் பங்களாவின் வாசலைத் தாண்டியது அன்றுதான் முதல் முறை.

பூரணியைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சிதம்பரநாதன் திரும்பி வந்து அங்கேயே தங்கினார். அடுப்படியில் மூன்று பேரும் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். ஊசியைப் பற்றியோ தோட்டாவைப் பற்றியோ யாரும் பேசவில்லை. இனிச் சனிக்கிழமைகளில் வருகிறேன் என்று சிதம்பரநாதன் சொன்னார். எதற்கு என்று ஆசீர்வாதம் கேட்டார். "ஹட்டன்ல எனக்கு என்ன வேலை கெடக்கு?" என்றார் அவர். அது பொய்யில்லை.

*

மறுநாள் காலையில் ஆறு பின்கட்டைகளையும் சீசாவில் இருந்த ஊசிகளையும் அந்தத் தோட்டாவையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு ஹட்டன் பொலிஸில் ஒப்படைக்கப் புறப்பட்டார்கள். துப்பாக்கிகளை ஜீப் வந்து எடுத்துக்கொள்ளும். கழகத்தை மூடிவிட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆசீர்வாதம் இரவெல்லாம் தூங்காத கண்களோடு, ஆனால் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

கொட்டகலையில் பஸ் வந்தது. சிதம்பரநாதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆசீர்வாதம் நடுவில் ஓர் இருக்கையில் உட்கார, கந்தப்பன் வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒக்காரு" என்றார் ஆசீர்வாதம், சன்னலோரமாக நகர்ந்து.

"இருக்கட்டுங்க."

"ஒக்காருன்னு சொல்றேன்ல."

கந்தப்பன் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார். பஸ் தேயிலை மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போயிற்று. நாலைந்து வளைவுகள் கழிந்தன.

"ஒனக்குப் புள்ளைக எத்தன, கந்தப்பா?"

"ஒரு பொண்ணுங்க. திருச்சிப் பக்கம் இருக்கு. போயி வருசமாச்சு."

"பேரு?"

"மருதாயி."

"மருதாயி" என்று ஆசீர்வாதம் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கடுதாசி போடுமா?"

"எழுதத் தெரியாதுங்க அதுக்கு. எனக்குப் படிக்கவும் தெரியாது."

"நீ சொல்லு, நான் எழுதறேன்."

கந்தப்பன் தலையாட்டினார். இருக்கையின் நுனியிலிருந்து சற்றே பின்னால் நகர்ந்து சாய்ந்துகொண்டார். பஸ் இன்னொரு வளைவில் திரும்பியபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாக அவரிடம் அவர் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க மக பேரு என்னங்க, ஐயா?"

ஆசீர்வாதம் பெயரைச் சொன்னார். அவள் பிறந்த நாளில் பெய்த மழையைச் சொன்னார், அவள் அம்மா அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடித்த பிடிவாதத்தைச் சொன்னார். பஸ் ஹட்டனில் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் சிதம்பரநாதன் எழுந்திருக்காமல் காத்திருந்தார்.